பாலியேட்டிவ் கேரில் இருக்கும் அம்மாவுக்கு ஆக்குபேஷனல் தெரபி எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காலைவெயில்:
வணக்கம். அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது. கீமோவை நிறுத்தியாயிற்று, இப்போது பாலியேட்டிவ் கேர் டீம்தான், அதாவது வலியையும் மற்ற அவதிகளையும் தணித்துப் பார்த்துக்கொள்ளும் குழுதான் பார்க்கிறது. வலி மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகு ஓரளவு தூங்குகிறார். போன தடவை பார்த்தபோது டாக்டர், ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பார்த்தால் நல்லது என்றார். அதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். "இந்த நிலைமையில் எதற்கு இன்னொரு ஆள், இன்னொரு பயிற்சி, நிம்மதியாகப் படுக்க விடுங்கள்" என்கிறார் அண்ணன். அம்மாவோ கட்டிலிலிருந்து குளியலறை வரை போவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார், ஆனால் யாரும் குளிப்பாட்ட வேண்டாம், நானே குளித்துக்கொள்வேன் என்று அழுகிறார். வாழ்நாள் முழுக்கத் தைத்துக்கொண்டே இருந்தவர், மிஷின் இப்போது மூடிக் கிடக்கிறது. தெரபிஸ்ட் வந்தால் உண்மையில் என்ன செய்வார்? குணமாகாது என்று தெரிந்த பிறகு இதனால் என்ன பயன்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் அண்ணனிடம் பேச உதவியாக இருக்கும்.

ஜன்னலோரம்:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பல வருடமாகப் பாலியேட்டிவ் டீமோடுதான் வேலை. உங்கள் அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி, நிறைய வீடுகளில் முதல் நாளே கேட்பார்கள்.

உங்கள் அம்மா என்ன கேட்கிறார் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள், தானே குளிக்க வேண்டும், தைக்க வேண்டும். எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது. கட்டிகள் எங்கே இருக்கின்றன, மருந்து என்ன அளவு என்பதெல்லாம் எனக்கும் தெரிய வேண்டும், ஆனால் உட்கார்ந்ததும் நான் கேட்பது, நேற்று விடிந்ததிலிருந்து தூங்கும்வரை என்னென்ன செய்தீர்கள், அதில் எதைச் செய்ய முடியாமல் போனது மனதை அறுக்கிறது என்பதைத்தான். கனடாவில் 1990களின் தொடக்கத்தில் உருவான ஒரு அளவீடு இருக்கிறது, எங்களில் பலர் அதைப் பயன்படுத்துகிறோம். தனக்கு முக்கியமான ஐந்து காரியங்கள் வரை அவரே தேர்ந்தெடுப்பார், ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரே மதிப்பெண் போடுவார். தெரபிஸ்ட் போடுவதில்லை, பிள்ளைகளும் போடுவதில்லை. இதில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், குடும்பம் "அம்மா நடக்க வேண்டும்" என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும், அம்மா "கழிப்பறைக்குப் போகும்போது யாரும் கூட வராமல் இருந்தால் போதும்" என்பார். நடக்க வைப்பதற்கும் தனியாகக் கழிப்பறைக்குப் போக வைப்பதற்கும் வழிகள் வேறு வேறு. இரண்டாவதுக்கு ஒரு கமோட் நாற்காலியும் கட்டில் உயரத்தில் ஒரு சின்ன மாற்றமும் போதுமாக இருக்கலாம்.

அதனால் பயிற்சி கொடுத்துப் படுத்துவார்களோ என்ற பயம் வேண்டாம். உடம்பு மாறாத இடத்தில் செய்யும் முறையை மாற்றுகிறோம், பொருளை மாற்றுகிறோம், இடத்தை மாற்றுகிறோம்.

பழைய_சைக்கிள்:
மன்னிக்கவும், நான் அண்ணன் பக்கம்தான். எங்கள் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்தார், எழுந்து நில்லுங்கள், இன்னும் நாலடி வையுங்கள் என்று தினமும். அப்பா அவர் வருகிற நேரம் ஆனாலே கண்ணை மூடிக்கொள்வார். எங்களுக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை, ஏதோ நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டோம். அவர் போன பிறகும் அந்த முகம் மறக்கவில்லை. படித்தவர்கள் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் சாகப்போகிறவரை ஏன் உழைக்கச் சொல்ல வேண்டும்?

ஜன்னலோரம்:
@பழைய_சைக்கிள் அண்ணா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது தவறு. அவர் எதை விரும்பினார் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. தெரபி வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு, பாதியில் நிறுத்தவும் உரிமை உண்டு. காலைவெயில், இதை உங்கள் அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒன்று. எதையும் செய்ய விடாமல் படுக்க வைப்பதும் உடம்பை வருத்தத்தான் செய்கிறது. படுக்கையிலேயே கிடந்தால் தசை வேகமாக வலுவிழக்கும், மூட்டு இறுகும், எழுந்தால் தலை சுற்றும், புண் வரும். நோயால் வந்த பலவீனம் ஒரு பக்கம், படுத்தே இருப்பதால் வந்த பலவீனம் இன்னொரு பக்கம். இரண்டையும் நோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். மனசு விஷயம் இதைவிடப் பெரிது. வீட்டில் எல்லோரும் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, தன்னால் ஒரு துரும்பையும் நகர்த்த முடியவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு அதுவே ஒரு வலி. 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றார். அவர் நர்ஸாகவும் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு டாக்டராகப் படித்தவர். கட்டிலருகே நின்று பார்த்த பிறகு சொன்ன பேச்சு அது.

இரவுப்பணி:
நான் நர்ஸ். உலக சுகாதார நிறுவனம் 2002ல் வெளியிட்ட பாலியேட்டிவ் கேர் வரையறையிலேயே, இறக்கும்வரை முடிந்த அளவு சுறுசுறுப்பாக வாழத் துணை செய்வது என்று இருக்கிறது. சாவைத் தள்ளிப்போடுவதோ சீக்கிரம் வரவழைப்பதோ நோக்கமில்லை என்றும் இருக்கிறது. பலர் இதைக் கடைசி வாரத்தில் ஊசி போடுகிற பிரிவு என்றே நினைக்கிறார்கள், அதனால் தாமதமாக வருகிறார்கள். நுரையீரல் புற்றுநோய் என்பதால் இதையும் சொல்கிறேன்: 2010ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், நோய் தெரிந்ததுமே பாலியேட்டிவ் கேர் கிடைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் நன்றாக இருந்தது, மனச்சோர்வு குறைவாக இருந்தது, சராசரியாகக் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள். அது முழு டீமின் வேலை, தெரபியின் பலன் மட்டும் என்று சொல்ல மாட்டேன். உலக அளவில் இந்தப் பராமரிப்பு தேவைப்படுபவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கிறது, கிடைக்கிற இடத்தில் இருக்கிறீர்கள், விட்டுவிடாதீர்கள்.

மூச்சு வாங்குவதற்கு உடனே செய்யக்கூடியது ஒன்று. கையில் பிடிக்கிற சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேரே, மூக்கும் மேலுதடும் கன்னமும் குளிரும்படி பிடிக்கச் சொல்லுங்கள். முக நரம்புகளில் காற்று படும்போது திணறும் உணர்வு தணிகிறது, இது ஆய்வில் பார்த்த விஷயம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு சிலிண்டர் வைப்பதால் சாதாரணக் காற்றைவிடக் கூடுதல் நிம்மதி கிடைக்கவில்லை என்றும் 2010ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அம்மாவுக்கு அளவு குறைகிறதா என்பதை டாக்டர் பார்க்க வேண்டும், அது வேறு.

மெதுநடை:
எனக்குப் புற்றுநோய் இல்லை, இதயச் செயலிழப்பு. எனக்கும் பாலியேட்டிவ் டீம்தான் பார்க்கிறது, அதனால் நோயாளியின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

இந்தச் சோர்வை நல்ல உடம்புக்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். தூங்கி எழுந்தால் போகிற சோர்வு இல்லை இது. காலையில் கையில் கொஞ்சம் காசு கொடுத்து இதற்குள் நாளை ஓட்டு என்று விட்டதுபோல இருக்கும், குளியலுக்கே பாதி போய்விடும். என் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது, குளியலைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்று, குளித்த கையோடு படுத்துவிடலாம். நின்று குளிக்காதே, முதுகு சாய்கிற நாற்காலி போடு. வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கதவை லேசாகத் திறந்து வை, ஆவி அடைத்தால் மூச்சு இன்னும் முட்டும். துண்டால் துவட்டக் கையைத் தூக்கித் தூக்கித் தேய்க்கிறோமே அதற்குத்தான் மூச்சு அதிகம் வாங்குகிறது, அதற்குப் பதில் துண்டுத் துணியில் தைத்த நீள அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அதுவே ஈரத்தை எடுத்துக்கொள்ளும். இது கேட்க ஒன்றுமில்லாத விஷயம்போல இருக்கும். எனக்கு இதனால் சாயங்காலம் பேத்தியோடு பேச மூச்சு மிஞ்சுகிறது.

அப்புறம், களைத்த பிறகு ஓய்வெடுக்காதே, களைப்பதற்கு முன்னே எடு என்றார். இது பழக எனக்கு ரொம்ப நாள் ஆனது, ஏனென்றால் நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் முடித்துவிடத்தான் மனசு துடிக்கும். மறுநாள் எழவே முடியாது. இன்னொன்று, எதை விடுவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். என் மகன் நல்லெண்ணத்தில் என் சட்டையைக்கூட மாட்டிவிட்டான். சட்டையை நானே மாட்டுவேன், செருப்பை நீ மாட்டு என்று பிரித்துக்கொண்டோம். குனிந்தால்தான் எனக்குத் திணறும்.

காலைவெயில், உங்கள் அம்மா அழுவது குளியலுக்காக மட்டும் இருக்காது. தன் உடம்பு தன் கையை விட்டுப் போகிறதே என்றும் இருக்கலாம்.

காலைவெயில்:
@மெதுநடை ஐயா, இதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவர் சொல்வதுதான்" என்றார். அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார், தெரபிஸ்ட் வரட்டும் என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் பின்புறம் வலிக்கிறது என்கிறார். நடுவில் ஓட்டை இருக்கிற வளையத் தலையணை வாங்கலாமா?

இரவுப்பணி:
வளையம் வேண்டவே வேண்டாம். ஓட்டையைச் சுற்றியிருக்கும் விளிம்பில் அழுத்தம் கூடும், உள்ளே இருக்கிற சதைக்கு இரத்த ஓட்டம் குறையும், புண் வர அதுவே வழி. அழுத்தத்தைப் பரப்பித் தாங்குகிற மெத்தை வேண்டும், எது என்று தெரபிஸ்ட் உட்கார வைத்துப் பார்த்துச் சொல்வார். அதுவரை கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறிச் சாயச் சொல்லுங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்புப் பக்கம் மூன்றையும் தினமும் பாருங்கள், சிவந்த இடம் விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காமல் இருந்தால் உடனே சொல்லுங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடு, கடினம், வலி இவற்றைக் கவனியுங்கள்.

கட்டிலில் சாய்த்து உட்கார வைக்கும்போது முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை, பிறகு தலைப்பக்கம் உயர்த்துவது. மாற்றிச் செய்தால் கீழே வழுக்கிக்கொண்டே வருவார், தோல் இழுபடும்.

கண்ணால்_பேசு:
இழையின் தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய். இந்த நோய் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: பேச்சு குழற ஆரம்பிப்பதற்கு முன்பே தெரபிஸ்டைக் கேளுங்கள். நோயாளியின் சொந்தக் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிறகு கருவி அந்தக் குரலில் பேசும்படி செய்ய முடியும். குரல் மாறிவிட்ட பிறகு பதிந்தால் மாறிய குரல்தான் கிடைக்கும். பேச்சுப் பயிற்சியாளரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் சேர்ந்து செய்கிற வேலை அது.

இப்போது அவருக்குக் கையும் பேச்சும் இல்லை, கண் அசைவு நன்றாக இருக்கிறது. விலை உயர்ந்த கருவி வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கைகொடுத்தது எழுத்துகள் எழுதிய ஒரு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பலகை. அதை எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் பிடிப்பேன், அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து படிப்பேன். மின்சாரம் போனாலும் வேலை செய்யும். இரவில் கூப்பிட, தலையை லேசாகச் சாய்த்தாலே அடிக்கிற மணி ஒன்றைத் தெரபிஸ்ட் தலையணை ஓரத்தில் பொருத்திக் கொடுத்தார். அந்த மணி வந்த பிறகுதான் நான் பக்கத்து அறையில் தூங்கினேன், அவரும் பயமில்லாமல் தூங்கினார்.

பழைய_சைக்கிள்:
படித்துக்கொண்டே வருகிறேன். இப்படி யாராவது அப்பாவிடம் கேட்டிருந்தால் அவர் ரேடியோவைத் தானே திருகி வைக்கிற மாதிரி கட்டிலருகே வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார். @ஜன்னலோரம், நினைவுப் பெட்டி, கடிதம் எழுத வைப்பது இதெல்லாமும் உங்கள் ஆட்கள் செய்வார்களாமே, அது எனக்கு ஒட்டவில்லை. போகப்போகிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்வது போல இல்லையா?

ஜன்னலோரம்:
அவர் கேட்காமல் நாமாகத் தொடங்கினால் நீங்கள் சொல்வது போலத்தான் ஆகும். சிலருக்கு அந்தப் பேச்சே வேண்டாம், அதை மதிக்க வேண்டும். சிலர் அதற்கென்றே காத்திருப்பார்கள், பிள்ளைகள் கலங்குவார்களே என்று வாய் திறக்காமல் இருப்பார்கள். கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதற்கு ஒரு முறையே வகுத்தார், அதன் முதல் ஆய்வு 2005ல் வந்தது. வாழ்க்கையில் எதை முக்கியமாக நினைக்கிறீர்கள், வீட்டாருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவரிடமே படித்துக் காட்டித் திருத்தி, அவர் கையில் கொடுப்பது. யாருக்குக் கொடுப்பது என்பது அவர் இஷ்டம்.

தெரபிஸ்டின் கை இதில் எங்கே வருகிறது என்றால், பேனா பிடிக்க முடியாதவருக்குத் தடித்த பிடி, மூச்சு வாங்குபவருக்குச் சின்னச் சின்னப் பதிவுகளாகப் பிரிப்பது, நாளின் எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார் என்று பார்த்து மருந்து நேரத்தோடு பொருத்துவது. சில சமயம் கடிதமே வேண்டியிருக்காது. கணவருக்கு வீட்டுக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று ஒரு அம்மா கேட்டார், அதைத்தான் செய்தோம். அவர் விட்டுச்செல்ல விரும்பியது அது.

காலைவெயில்:
வந்து போனார். எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கட்டிலையும் நாற்காலியையும் அளந்தார். அம்மா உட்காருகிற சோபா தாழ்வாக, மெத்தென்று இருப்பதால் எழும்போதே பாதி சக்தி போகிறதாம், கை வைத்த, உறுதியான, உயரமான நாற்காலி போடச் சொன்னார். குளியலறைப் பாதையின் நடுவில் இளைப்பாற ஒரு நாற்காலி, உள்ளே குளியல் நாற்காலி, கைப்பிடிக் கம்பிக்குச் சுவரில் குறி போட்டார், அதுவும் அம்மாவை உட்கார வைத்து அவர் கை தானாக எங்கே நீள்கிறதோ அந்த இடத்தில். உடம்பை அம்மாவே தேய்த்துக்கொள்வது, தலையையும் பாதத்தையும் நான் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். எனக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை, அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். அம்மா இப்படி உறுதியாகப் பேசி ரொம்ப நாளாயிற்று.

தையலுக்கு, மிஷின் மிதிப்பது இப்போது வேண்டாம், கைத்தையல் பார்க்கலாம் என்றார். முழங்கை இரண்டும் மேசையில் தாங்கும்படி மேசையை உயர்த்தி, ஊசிகளில் முன்கூட்டியே நூல் கோத்து வைத்து, கால் மணி நேரம் தைத்துவிட்டு மீதியை மூடி வைப்பது. அம்மா பாவாடை ஒன்றுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருக்கிறார். சில நாள் ஊசியையே தொடுவதில்லை.

முதுகுவலி பற்றித் துருவித் துருவிக் கேட்டார், அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஜன்னலோரம்:
எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் அது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. கட்டி தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கினால் சில மணி நேரங்களிலேயே கால் செயலிழக்கக்கூடும், சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால்தான் நடையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். புதிதாக வருகிற அல்லது கூடிக்கொண்டே போகிற முதுகுவலி, பட்டை கட்டினதுபோல நெஞ்சைச் சுற்றி வலி, கால் தளர்வது, மரத்துப்போவது, சிறுநீர் வராமல் இருப்பது அல்லது கட்டுப்படாமல் போவது, இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அன்றே, அந்த நேரமே டீமுக்கு போன் செய்யுங்கள். இந்த ஒன்றைத் தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள்.

காலைவெயில்:
ஒட்டிவிட்டேன். இன்னொன்று, கேட்கவே தயக்கமாக இருக்கிறது. எழுந்திருக்கவே முடியாத நிலை வந்தால் தெரபிஸ்ட் வருவதை நிறுத்திவிடுவாரா?

ஜன்னலோரம்:
நிறுத்த மாட்டோம், வேலை மாறும். அப்போது எப்படிப் படுக்க வைத்தால் மூச்சும் வலியும் தணிகிறது, தோலை இழுக்காமல் எப்படித் திருப்புவது, உங்கள் முதுகு போகாமல் வழவழப்பான விரிப்பைக் கொண்டு எப்படி நகர்த்துவது என்பதைச் சொல்லித்தருவோம். குழப்பம் வந்தால் மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்ப்போம், கடிகாரம் கண்ணுக்குத் தெரிகிறதா, பழகிய முகம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம், காரணம் என்னவென்று டாக்டரும் பார்ப்பார். அந்த நிலையிலும் சின்ன முடிவுகள் அவருடையவைதான், எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பது, யார் உள்ளே வரலாம், விளக்கு எரியட்டுமா. உங்களையும் கேட்போம், தூங்கினீர்களா, உங்களை மாற்றிவிட ஆள் இருக்கிறதா என்று.

காலைவெயில்:
அண்ணன் கேட்கச் சொன்னார்: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது அவர் அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார். சரிதானா?

ஜன்னலோரம்:
அக்குளில் தூக்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். தோள் மூட்டு விலகலாம், நோய் பரவிய எலும்பு உடையவும் செய்யலாம். நாற்காலியைக் கட்டிலை ஒட்டிச் சாய்வாக வைத்து, சக்கரம் இருந்தால் பிரேக் போட்டு, அம்மாவைக் கட்டில் விளிம்புக்கு நகரச் சொல்லுங்கள். பாதம் தரையில் முழுதாக, முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி, தன் கையால் கட்டிலை ஊன்றி அவரே எழ வேண்டும். அண்ணன் பக்கத்தில் நின்று இடுப்பில் கட்டிய கைப்பிடி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், தன் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடக் கூடாது. நின்ற காலில் உடம்பைத் திருகாமல் சின்ன அடிகளாக வைத்துத் திரும்பட்டும்.

ஆனால் இடுப்பெலும்பில் நோய் இருப்பதால், எந்தக் காலில் எவ்வளவு எடை போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். அடுத்த தடவை தெரபிஸ்ட் வரும்போது அண்ணனையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள், அவர் கையாலேயே செய்ய வைத்துப் பார்த்துத் திருத்துவார்.

காலைவெயில்:
வியாழக்கிழமை வருகிறார். அண்ணன் லீவு போட்டுவிட்டார்.